இளம் புற்றுநோயாளரும் இணையத் தேடலும்

புற்றுநோயை முதுமையோடு சேர்த்து எண்ணுவதே உலக வழக்கம். நோய்க் கணக்குகளும் பெரும்பாலும் அந்த எண்ணத்துக்கு இசைவாகவே இருக்கின்றன. ஆயினும், 15 வயதுக்கும் 39 வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தினரில் ஆண்டுதோறும் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதையும், அவர்களிற் பலர் தங்கள் நோயின் பெயரைக் கேட்ட அன்றே, சில சமயம் கேட்பதற்கு முன்னதாகவே, கையிலுள்ள செல்போனில் அதைத் தட்டித் தேடிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, இத்தேடலைப் பற்றி மருத்துவர்களும் பெற்றோரும் நிதானமாகச் சிந்திக்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். அவர்கள் எதைத் தேடுகிறார்கள், ஏன் தேடுகிறார்கள், அதனால் விளையும் நன்மை யாது, தீங்கு யாது, தீங்கைக் குறைத்து நன்மையை மிகுவிக்க யார் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பவையே இக்கட்டுரையின் விஷயம்.

பருவமும் நோயும்

இளம்பருவத்துப் புற்றுநோயாளர் என்று ஒரு தனி வகுப்பு உண்டு என்பதை வைத்திய உலகம் உணர்ந்துகொண்டது அண்மைக் காலத்தில்தான். வளரிளம் பருவத்தினருக்கென்றே ஒரு வார்டு லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1990இல் திறக்கப்பட்டது. 2006இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு தொண்டு ஸ்தாபனத்தோடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, 15 முதல் 39 வரை என்று இவ்வகுப்பின் எல்லையை வகுத்ததோடு, குழந்தைகளிடத்தும் முதியோரிடத்தும் சிகிச்சையில் கண்ட முன்னேற்றம் இவர்களிடத்துக் காணப்படவில்லை என்ற உண்மையையும் பகிரங்கமாக எடுத்துரைத்தது. ரத்தப் புற்று, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று, எலும்பிலும் தசையிலும் தோன்றும் சார்கோமா, விரைப் புற்று, தைராய்டுப் புற்று, இளவயதிலேயே வந்துவிடும் மார்பகப் புற்று ஆகியவை இப்பருவத்தினரிடையே அதிகம் காணப்படுபவை. முதியோரைப் பற்றும் நுரையீரல், குடல் புற்றுகளைக் குறித்துப் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட நூல்கள் இவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

இவர்கள் இரு துறைகளுக்கு இடையில் நிற்பவர்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்று கண்ட 16 முதல் 20 வயது வரையுள்ள நோயாளிகளின் சிகிச்சை வரலாற்றை ஒப்பிட்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. நோயும் ஒன்றே, வயதும் ஒன்றே. எனினும், குழந்தை மருத்துவர்கள் கையாளும் முறைப்படி மருந்து பெற்றவர்களில் ஏழாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 100க்கு 67 பேர். பெரியவர்களுக்குரிய முறைப்படி பெற்றவர்களில் 46 பேர். ஒரு பிள்ளை மருத்துவமனையின் எந்த வாசல் வழியே நுழைந்தான் என்பது அவனுடைய ஆயுளையே பாதித்திருக்கிறது. இத்தகைய செய்தியை 17 வயதுப் பையனுக்கோ அவனுடைய தந்தைக்கோ யார் கூப்பிட்டுச் சொல்லப்போகிறார்கள்? தேடுகிறவனுக்கே அது அகப்படும். ஆகையால், தேடல் என்பது வேலையற்ற மனத்தின் விளையாட்டு என்று தள்ளிவிட எவருக்கும் நியாயமில்லை.

தேடலின் காரணங்கள்

நோயாளி இணையத்தில் தேடுவது மருத்துவரிடம் நம்பிக்கை இல்லாமையால்தான் என்று சில மருத்துவர்கள் மனவருத்தம் கொள்கிறார்கள். அந்த அபிப்பிராயம் சரியன்று. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டையொட்டி நோய் கண்டறியப்பட்ட 500க்கும் மேற்பட்ட இளம் நோயாளிகளைத் தொடர்ந்து விசாரித்த ஆய்வொன்றில், தங்கள் நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் அறிய விரும்பியவற்றை இன்னும் அறியாதவர்களாகவே பாதிப்பேருக்கு மேல் இருந்தார்கள் என்று தெரியவந்தது. கல்வியும் வசதியும் மிகுந்த ஒரு தேசத்தின் நிலையே இதுவென்றால், காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி, நடைபாதையில் உட்கார்ந்திருந்து, நண்பகலில் சில நிமிஷங்கள் மாத்திரம் மருத்துவரைக் கண்டு திரும்பும் நம் நாட்டு நோயாளியின் நிலையை விவரிக்கவும் வேண்டுமோ?

நம் குடும்பங்களில் இன்னொரு காரணமும் உண்டு. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லலாகாது என்ற அன்பு கலந்த சம்பிரதாயம் இன்றும் நம்மிடையே நிலவுகிறது. மருத்துவர் தந்தையைத் தனியே அழைத்துப் பேசுகிறார். வெளியே வந்த தந்தை, "ரத்தத்தில் கொஞ்சம் கோளாறாம், மருந்து ஏற்றினால் சரியாகிவிடுமாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு, அறைக்கு வெளியே தொங்கும் பலகையில் 'ஆன்காலஜி' என்று எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதா? கையில் ஏறும் மருந்து செந்நிறமாயிருக்கிறது. குப்பியின் மேல் 'டாக்ஸோரூபிசின்' என்றிருக்கிறது. தாய் கண்ணயர்ந்த நேரத்தில் அந்த எழுத்துகளை அவள் தன் செல்போனில் தட்டுகிறாள். சில விநாடிகளில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்ட வேளையில் அருகில் ஆறுதல் சொல்ல எவரும் இல்லை. தெரிந்துவிட்டது என்பதைப் பெற்றோர் அறியலாகாதே என்று அன்று முதல் அவளும் நடிக்கத் தொடங்குகிறாள். உண்மையை மறைப்பதனால் தேடல் நிற்பதில்லை, அது துணையில்லாத தேடலாகிவிடுகிறது என்பதே இதிலிருந்து நாம் அறியவேண்டிய பாடம்.

மூன்றாவது காரணம் சங்கோசம். இனிப் பிள்ளை பிறக்குமா, மாதவிலக்கு நின்றுபோனது திரும்ப வருமா, தாம்பத்தியத்துக்குத் தடையுண்டா, கல்யாணப் பேச்சு வரும்போது இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்பன போன்ற கேள்விகளைத் தாயும் தந்தையும் பக்கத்தில் நிற்கும்போது எந்த இளைஞனும் யுவதியும் வாய்திறந்து கேட்டுவிட முடியாது. இணையம் முகம் பார்ப்பதில்லை. ஆகவே அதனிடம் கேட்கிறார்கள். இவற்றோடு, எதையுமே தேடாமல் விலகி நிற்பவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் நிறைவுறாது. அச்சம் தரும் செய்தி கண்ணில் பட்டுவிடுமோ என்று சிலர் வேண்டுமென்றே தேடாதிருக்கிறார்கள். அவர்களுக்காகத் தமக்கையோ தோழனோ தேடித் தருகிறார்கள். அந்த விலகலும் மதிக்கத்தக்கதே.

தேடலால் விளையும் நன்மை

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996 அக்டோபரில், அவருடைய 25ஆம் வயதில், விரைப் புற்று இருப்பது தெரிந்தது; அதற்குள் நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அவர் புத்தகங்களை வாங்கிப் படித்தார். அப்போதுதான் பரவிக்கொண்டிருந்த இணையத்திலும் தேடினார். பந்தயத்தில் ஆர்வமுடைய ஒரு மருத்துவர், அவருடைய நோயைப் பற்றிக் கேள்விப்பட்டு அனுப்பிய மின்னஞ்சல், இந்நோய்க்கு சிஸ்பிளாட்டின் மருந்தைக் கொண்டு 1970களில் புதுவழி கண்ட இண்டியானா பல்கலைக்கழகத்தை அவருக்குச் சுட்டிக்காட்டியது. அங்கே சென்றபோது, வழக்கமாகக் கொடுக்கப்படும் பிளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது, பந்தய வீரருக்கு நுரையீரலே ஜீவாதாரம் என்று கருதி, வேறு மருந்துச் சேர்க்கையை மருத்துவர்கள் கொடுத்தார்கள். பிற்காலத்தில் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அவருடைய பந்தய வெற்றிகள் பறிக்கப்பட்டது வேறு கதை. ஒரு நோயாளி தேடியறிந்து, பின் தக்க மருத்துவரிடம் சென்று, தன் வாழ்க்கைக்கு ஏற்ற சிகிச்சையைப் பெற்றார் என்பது அதனால் பொய்யாகிவிடாது. தகவல் அவரை மருத்துவமனை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. தீர்மானித்தவர்கள் துறையறிந்த மருத்துவர்கள்.

காலத்தே கிடைத்தால் மாத்திரம் பயன்தரும் தகவலும் உண்டு. புற்றுநோய் மருந்துகள் சிலவும் கதிர்வீச்சும் பிள்ளைப்பேற்றுத் திறனை அழித்துவிடக்கூடும். ஆதலால், சிகிச்சை தொடங்குமுன் இதைப் பற்றி நோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006லேயே நெறிமுறை வகுத்தது. ஆண்மகன் தன் விந்தணுவைச் சேமித்துவைக்க ஓரிரு நாட்கள் போதும். பெண்ணின் கருமுட்டையைச் சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரங்கள் வேண்டும். முதல் மருந்து ஏறிய பிறகு இதைப் படித்து அறிகிறவர்களின் துயரத்துக்கு ஆறுதல் கூறுவது எளிதன்று. அவ்வாறே, கீமோ எடுக்கும் காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் கஷாயம் வைத்துக் குடித்துப் பொழுதைப் போக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்ற ஒரு வரிச் செய்தி, வெள்ளணுக்கள் குறைந்து கிடக்கும் உடலுக்கு உயிர்காக்கும் செய்தியாகும்.

தகவலைக் காட்டிலும் துணையை நாடியே பலர் தேடுகிறார்கள். தன் 22ஆம் வயதில் ரத்தப் புற்றுக்கு ஆளான சுலைக்கா ஜவாத், 2012 முதல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிவந்த பத்தி, தனியறையில் கிடந்த இளைஞர் பலருக்குத் தம் குரலையே கேட்பதுபோல் இருந்தது. 15 வயதில் குடற்புற்று கண்ட ஆங்கிலேயச் சிறுவன் ஸ்டீஃபன் சட்டன், தன் எஞ்சிய நாட்களை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தபடியே, இளம் நோயாளிகளுக்கான அறக்கட்டளைக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்துவிட்டு, 2014இல் தன் 19ஆம் வயதில் மறைந்தான். தன்னைப் போன்ற ஒருவர் இருக்கிறார் என்று அறிவதே நோயின் பாரத்தில் பாதியைக் குறைக்கிறது.

எண்களை வாசிக்கும் விதம்

தேடுகிறவர்களைப் பெரிதும் கலங்கவைப்பது, இத்தனை பேரில் இத்தனை பேர் ஐந்தாண்டு பிழைத்தார்கள் என்னும் கணக்கு. தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1982இல், தம் 40ஆம் வயதில், மெசோதீலியோமா என்னும் அரிய புற்றுக்கு ஆளானபோது, இதைப் பற்றிப் படிக்கத்தக்க நூல் யாது என்று தம் மருத்துவரைக் கேட்டார். படிக்கும்படியாக ஒன்றுமில்லை என்று அவர் மழுப்பிவிட்டார். கூல்ட் ஹார்வர்டு மருத்துவ நூலகத்துக்குச் சென்று, அங்கிருந்த கணினியில் நோயின் பெயரைத் தட்டினார். நோய் கண்டவர்களின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று வந்தது. கணக்கறிந்தவராகையால் அவர் பதறவில்லை. பாதிப்பேர் எட்டு மாதத்துக்குள் இறந்தார்கள் என்றால் மற்றப் பாதிப்பேர் அதற்குமேல் வாழ்ந்தார்கள்; அவர்களில் சிலர் நெடுங்காலம் வாழ்ந்திருப்பார்கள்; தம் வயதும் சிகிச்சையும் தம்மை அந்தப் பக்கம் சேர்க்கக்கூடும் என்று அவர் கணித்தார். 1985இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அதற்குப் பின்னும் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றினால் காலமானார்.

இளையோர்க்கு இக்கதை இரட்டிப்பாகப் பொருந்தும். ஐந்தாண்டுக் கணக்கு என்பது குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு முன் நோய் கண்டவர்களின் கணக்கு. அதன்பின் வந்த புது மருந்துகள் அதில் சேரவில்லை. எல்லா வயதினரையும் கலந்து எடுத்த சராசரியில் 70 வயது முதியவரும் உண்டு, 20 வயது இளைஞனும் உண்டு. எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறதேயன்றித் தனியொருவனைப் பற்றிப் பேசுவதில்லை.

பொய்ச் செய்தி பிறக்கும் வகை

தமிழ்நாட்டில் புற்றுநோய் வந்த வீடு எதுவாயினும், அந்த வீட்டுச் செல்போனுக்கு முள்ளு சீத்தாப்பழத்தின் பெருமை வந்து சேராமல் இருப்பதில்லை. கீமோவைவிட அது 10,000 மடங்கு வலியது என்று வாட்ஸ்அப் செய்தி முழங்குகிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது? 1996இல் பர்டியூ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், அம்மரத்தின் விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு ரசாயனப் பொருள், கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த ஒரு குடற்புற்று அணுவகையின் மேல், அட்ரியாமைசினைக் காட்டிலும் 10,000 மடங்கு வீரியமாகச் செயற்பட்டது என்று கண்டார்கள். கண்டது மெய், ஆனால் அது மனித உடலன்று, பழமுமன்று, சாறுமன்று. பாத்திரத்தில் அணுவைக் கொல்லும் பொருள்கள் எத்தனையோ உண்டு. உடலுக்குள் நல்ல அணுவை விட்டுக் கெட்ட அணுவை மாத்திரம் கொல்வதே மருந்தின் இலக்கணம். மேலும், குவாதலூப் தீவில் இவ்வினப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மிகுதியாக உட்கொண்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் காணப்பட்டதாக 1999இல் லான்செட் இதழ் வெளியிட்ட செய்தியை எந்த வாட்ஸ்அப் செய்தியும் சுமந்து வருவதில்லை. இதில் உள்ளத்தை வருத்தும் செய்தி வேறொன்று உண்டு. ஒப்பிடப்பட்ட அட்ரியாமைசின் என்பது டாக்ஸோரூபிசினே. நிணநீர்ப் புற்றும் எலும்புப் புற்றும் கண்ட இளையோரில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிவரும் அந்தச் செந்நிற மருந்தைத்தான் கைவிடச் சொல்கிறது அச்செய்தி.

பொய்யில் ஒரு துளி மெய் கலந்திருப்பதே அதன் பலம். சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்ற பிரசாரமும் அத்தகையதே. புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சுகின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டது மெய். ஆயினும் நாம் உண்ணாவிடினும் உடல் குளுக்கோஸை ஆக்கிக்கொள்ளும். பட்டினியால் மெலிவது நோயாளியே. கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்ற பயமும், 'கரண்ட் வைத்தால்', அதாவது கதிர்வீச்சுக் கொடுத்தால், உடம்பே கருகிவிடும் என்ற பயமும் இணையத்துக்கு முன்பே நம் ஊர்களில் இருந்தவை. இப்போது அவற்றுக்குச் சிறகு முளைத்திருக்கிறது.

இதன் விளைவை அளந்து பார்த்தவர்களும் உண்டு. நான்கு வகைப் புற்றுகளைப் பற்றிச் சமூக ஊடகங்களில் மிகுதியாகப் பகிரப்பட்ட 200 கட்டுரைகளைத் துறை வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ச்சியாளர் ஸ்கைலர் ஜான்சனின் குழுவினர் ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்கில் பொய்த் தகவல் இருந்தது; மெய்யைவிடப் பொய்யே அதிகம் பகிரப்பட்டது. இதே ஆராய்ச்சியாளர் 2018இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், முறையான சிகிச்சையை விட்டு மாற்றுமுறைகளை மாத்திரம் நம்பிய 281 பேர், சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு மரண அபாயத்துக்கு ஆளானது தெரிந்தது. அவ்வாறு நம்பியவர்கள் வறியவர்களல்லர்; வசதி மிகுந்தவர்களே அவர்களில் அதிகம்.

ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்ற இளம்பெண், தனக்கு மூளைப் புற்று வந்ததாகவும் உணவினாலேயே அதை வென்றதாகவும் சொல்லி 2013இல் ஒரு செயலியையும் பின்னர் ஒரு புத்தகத்தையும் விற்றார். 2015இல் எல்லாம் பொய்யென்று ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் அவருக்கு 4,10,000 டாலர் அபராதம் விதித்தது. அதே நாட்டில் ஜெஸ் ஏன்ஸ்காஃப் என்ற பெண்ணுக்கு 22ஆம் வயதில் கையில் சார்கோமா மெய்யாகவே வந்தது. கையை இழக்க நேரும் என்ற நிலையில் பழச்சாறும் எனிமாவும் கொண்ட கெர்சன் முறையை அவர் தேர்ந்து, அதைத் தன் எழுத்தின் மூலம் பல்லாயிரம் பேருக்குப் பரப்பி, 2015இல் 29ஆம் வயதில் இறந்தார். முன்னவர் செய்தது வஞ்சனை. பின்னவரைக் கொண்டுசென்றது உண்மையான அச்சம். அந்த அச்சத்தோடு நின்று பேச ஆள் இல்லாத இடத்திலெல்லாம் வஞ்சகர் வந்து நிற்கிறார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

மெய்யைத் தெரிந்தெடுத்தல்

நோயாளிகள் தகவலை எவ்வாறு தரம் பிரிக்கிறார்கள்? ஜெர்மனியில் ஐசன்பாக், கோலர் ஆகிய இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வெளியிட்டவர் யார் என்று பார்த்தே நம்புவோம் என்று எல்லோரும் வாயால் சொன்னார்கள். கணினியின் முன் உட்காரவைத்துக் கவனித்தபோதோ, வெளியிட்டவர் யாரென்ற பகுதியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. எங்கே படித்தோம் என்பதும் பலருக்கு நினைவில்லை. மருத்துவத் தகவல் தளங்களுக்கு நன்னடத்தை முத்திரை வழங்கிவந்த ஜெனீவா ஸ்தாபனமொன்று 2022 இறுதியில் மூடப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய தீங்கான பொய்களை நீக்கப்போவதாக யூடியூப் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. அதே மாதம் வெளியான ஓர் ஆய்வில், சாட்ஜிபிடி என்னும் உரையாடும் கருவியிடம் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிக் கேட்டபோது, அதன் விடைகளில் மூன்றில் ஒரு பங்கில் அங்கீகரிக்கப்பட்ட நெறிமுறைக்கு ஒவ்வாத ஆலோசனையும் கலந்திருந்தது. அதன்பின் இத்தகைய கருவிகள் வளர்ந்திருக்கின்றன. எனினும் தவறும் சரியும் ஒரே நயமான நடையில் வருவதால் வாசகன் ஏமாறும் அபாயம் நீங்கிவிடவில்லை. வெளியிலிருந்து ஒரு முத்திரை வந்து நம்மைக் காக்கும் என்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை.

செய்யத்தக்கவை

இளம் நோயாளிகளுக்கு நாம் சொல்லத்தக்கது சில விதிகளே. நோயின் முழுப் பெயரையும் வகையையும் நிலையையும் முதலில் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'கேன்சர்' என்று மாத்திரம் தேடுகிறவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறருடைய நோயின் செய்தி. எழுதியவர் யார், எந்த ஆண்டு எழுதினார், முடிவில் எதையேனும் விற்கிறாரா என்று பாருங்கள். பக்கவிளைவே இல்லை, எல்லாப் புற்றுக்கும் ஒரே மருந்து என்னும் இரண்டு வாக்கியங்களில் ஒன்றைக் கண்டாலும் அப்பாற் சென்றுவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் விவரங்களை நோயாளிக்கு ஒன்றும் மருத்துவருக்கு ஒன்றுமாக இருவகையில் எழுதிவைத்திருக்கிறது. 2012இல் அமைந்த நம் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு சிகிச்சை நெறிமுறைகளை எவரும் காணும்படி வெளியிடுகிறது. படித்ததில் தோன்றிய கேள்விகளில் முக்கியமான மூன்றை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எழுதிய கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பெற்றோர்க்குச் சொல்லத்தக்கது ஒன்றே: மறைக்காதீர்கள், மறைப்பதால் பிள்ளை தனிமைப்படுகிறதேயன்றிக் காக்கப்படுவதில்லை. மருத்துவர்களுக்கோ, "கூகுள் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசாதே" என்ற வார்த்தையைக் கைவிட்டு, "எதைப் படித்தாய், சொல்" என்று கேட்கும்படி விண்ணப்பம். மருந்துச் சீட்டோடு, படிக்கத்தக்க பக்கங்களின் பெயரையும் இரண்டு வரி எழுதிக்கொடுத்தால், அது மருந்தளவுக்கே மதிப்புடையது. பிள்ளைப்பேறு பற்றிய பேச்சைப் பெற்றோர் இல்லாத தனிமையில், சிகிச்சைக்கு முன்பே, மருத்துவரே தொடங்குவது தர்மம்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் எழுதுவோர்க்கு ஒரு கடமை இருக்கிறது. தம் தங்கையை இந்நோய்க்கு இழந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்று 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்த நாடு இது. மருத்துவர் சாந்தா அம்மையார் தம் ஆயுள் முழுவதையும் அதற்கே ஈந்த நாடு இது. ஆயினும், ஆங்கிலம் சரளமாக வாராத ஓர் இளைஞன் இன்று தன் நோயின் பெயரைத் தமிழில் தேடினால், மருத்துவர் எழுதிய ஒரு பக்கம் கிடைப்பதற்கு முன் மூலிகை வியாபாரியின் காணொளிகள் பல வந்து நிற்கின்றன. கிராமத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும் இடையிலுள்ள வேற்றுமை, இவ்விஷயத்தில், உயிருக்கே உலைவைக்கும் வேற்றுமை. ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் எலும்புப் புற்றுக்கும் தனித்தனியே, இளையோர் கேட்கக் கூசும் கேள்விகளுக்கும் விடையோடு, காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் வழியோடு, ஆண்டுதோறும் திருத்தப்படும் நல்ல தமிழ்ப் பக்கங்களை மருத்துவக் கல்லூரிகளும் புற்றுநோய் நிலையங்களும் எழுதி வெளியிட வேண்டும். இளைஞர்கள் தேடத்தான் போகிறார்கள். அவர்கள் தேடும் இடத்தில் மெய் முன்னதாகவே சென்று காத்திருக்கும்படி செய்வது நம் பொறுப்பு.